கைதியாய் வந்த குருவானவர்

கண்டிமாநகரின் வாவிக்கரையில் நின்று தலதா மாளிகையை நோக்குவோர், இந்நகர் என்றும் இவ்வாறே இருந்ததென எண்ணிக்கொள்ளுதல் இயல்பு. ஆனால் அவ்வாவி, கண்டியின் கடைசி மன்னன் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைப்பித்தது. அதற்கு முன் அவ்விடம் நெல்வயலாய்க் கிடந்தது. அக்காலத்தில், 1692ஆம் ஆண்டில், புத்தளத்திலிருந்து காட்டுவழியே நடந்து வந்த ஒருவரை அரச காவலர் பிடித்து இந்நகருக்குக் கொண்டு வந்தனர். அவருக்கு வயது நாற்பத்தொன்று. அவர் கத்தோலிக்கக் குருவானவர். பறங்கியரின் ஒற்றனாய் நாட்டை உளவு பார்க்க வந்தவர் என்பது அவர்மீது சாட்டப்பட்ட குற்றம். அவரே யோசேவாஸ் முனிவர்.

ஆளும் அதிகாரத்துக்கு அடங்கி நடத்தல் கடமை, அதற்கு எதிராகக் கலகம் விளைத்தல் பாவம் என்பது கிறிஸ்தவ வேதத்தின் பழம் போதனை. கத்தோலிக்கர் சின்னப்பர் என்றும் புரொட்டஸ்தாந்தர் பவுல் என்றும் வழங்கும் அப்போஸ்தலர், உரோமாபுரியாருக்கு வரைந்த நிருபத்தின் பதின்மூன்றாம் அதிகாரத்தில் அதிகாரம் யாவும் இறைவனிடமிருந்தே வருவதெனக் கூறி, வரி செலுத்துதலையும் மதிப்பளித்தலையும் மனச்சாட்சியின் கடமையாக்கினார். அவர் அவ்வாறு எழுதியபோது உரோமையை ஆண்டவன் நீரோ என்பதை நாம் மறத்தலாகாது. இராயப்பரும் தம் நிருபத்தில் இதனையே வற்புறுத்தினார். ஆயினும் அதே இராயப்பர், போதித்தலை நிறுத்துமாறு எருசலேமின் ஆலோசனைச் சங்கத்தார் கட்டளையிட்டபோது, மனிதருக்குக் கீழ்ப்படிதலினும் கடவுளுக்குக் கீழ்ப்படிதலே முற்பட்டதெனச் சொல்லி அடிகளை ஏற்றார். இவ்விரண்டும் ஒரே வேதத்தில் ஒருங்கே உள்ளன. ஏட்டில் இவற்றை அருகருகே வைத்துப் படித்தல் எளிது. வாழ்வில் வைத்து நடத்தல் எளிதன்று. ஆள்வோன் வேற்றுச் சமயத்தவனாயின் அவனுக்கு அடங்குவதெவ்வாறு? ஆள்வோன் வழிபாட்டையே தடை செய்தால் அடங்காதிருப்பது எவ்வளவு? முதல் வினாவுக்குக் கண்டியிலும் இரண்டாவதற்கு யாழ்ப்பாணத்திலும் விடை சொல்ல நேர்ந்தது, கோவாவில் பிறந்த இந்த முனிவருக்கு.

அவர் 1651ஆம் ஆண்டு ஏப்ரில் 21ஆம் நாள், தாயாரின் ஊராகிய பெனோலிமில், கிறிஸ்தவர்களான கொங்கணிப் பிராமணக் குடும்பத்தில் பிறந்தார். போர்த்துக்கேய மொழியும் இலத்தீனும் கற்றபின், கோவா நகரில் சேசு சபையாரின் கல்லூரியிலும், தொமினிக்கன் சபையாரின் அர்ச். தோமாஸ் அக்குயினார் கல்லூரியிலும் பயின்று, 1676 இல் குருப்பட்டம் பெற்றார். அக்குயினார் பெயர் கொண்ட கல்லூரியில் பயின்றார் என்பதை நாம் சற்று நின்று நோக்கல் வேண்டும். கலகத்தைச் சாவான பாவம் என வகுத்தவர் அந்த ஞானி. கொடுங்கோலனின் ஆட்சியை அகற்றுதல் கலகமாகாது என்று கூறியவரும் அவரே. ஆயினும் அதனால் விளையும் குழப்பம் கொடுங்கோன்மையினும் பெருந்தீங்காகுமாயின் அதுவும் தகாதென வரம்பு கட்டினார். அரசன் அவிசுவாசி என்ற ஒரே காரணத்தால் அவன் ஆட்சியுரிமை அழிந்துவிடாதென்றும், எனினும் திருச்சபை அவ்வுரிமையை நீக்கலாமென்றும் அவர் எழுதி வைத்தார். இப்பிற்பகுதி பெருந்துயரங்களுக்கு இடமளித்தது. 1570 இல் ஐந்தாம் பத்திநாதர் என்னும் பாப்பரசர், இங்கிலாந்தின் எலிசபெத்து அரசியைப் பதவி நீக்கி, அவள் குடிகளை அவளுக்குக் கீழ்ப்படியும் கடமையினின்று விடுவித்தார். அதன்பின் அந்நாட்டில் கத்தோலிக்கக் குருவானவர் ஒவ்வொருவரும் இராசத்துரோகியெனக் கருதப்பட்டனர். தூக்குமரம் ஏறியோர் பலர்.

குருப்பட்டம் பெற்றபின் முனிவர் சில ஆண்டுகள் கன்னட நாட்டுக் கரையில் பணியாற்றினார். ஆங்கே போர்த்துக்கேய அரசனின் உரிமைபெற்ற கோவா மேற்றிராணியாரும், உரோமையிலிருந்து நேரே நியமனம் பெற்ற ஆயரும், அதிகாரம் தமக்கே எனப் பிணங்கிக்கொண்டிருந்தனர். ஒரே சபைக்குள் இரண்டு அதிகாரங்கள் மோதும்போது சாதாரண விசுவாசிகள் படும் தொல்லையை அவர் நேரிற் கண்டார். 1684 இல் கோவா திரும்பி, மறு ஆண்டில், உள்நாட்டுக் குருமார் சிலர் கூடி வாழ்ந்த ஒராத்தோரியன் குழுவிற் சேர்ந்து அதன் தலைவருமானார். ஆயினும் மனம் இலங்கையிலேயே இருந்தது.

இலங்கையின் நிலை அப்போது இது: 1656 இல் கொழும்பையும் 1658 இல் யாழ்ப்பாணத்தையும் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து கவர்ந்தனர். கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்கு இடங்கொடுப்போருக்கு மரண தண்டனை என ஆணை பிறந்தது. கோயில்கள் ஒல்லாந்தரின் சீர்திருத்த சபைக்கு உரியனவாயின. இவ்விடத்தில் ஒன்று கூறாதிருக்க இயலவில்லை. இந்த ஒல்லாந்தரே 1581 இல் தங்கள் கத்தோலிக்க அரசனாகிய இரண்டாம் பிலிப்பை இனி அரசனென ஏற்கோமெனப் பிரகடனஞ் செய்து, தங்கள் சமயத்துக்காகவும் உரிமைக்காகவும் எண்பது ஆண்டு போராடியவர்கள். மன்னன் தன் கடமையிற் பிழைத்தால் குடிகள் அவனை விட்டு நீங்கலாமென உலகுக்கு அறிவித்த அம்மக்கள், யாழ்ப்பாணத்துக் குடியானவன் செபமாலை உருட்டினாலும் அதனைக் குற்றமாகக் கண்டனர். அதிகாரத்துக்கு அடங்கும் போதனை, ஆட்சிக்கு வந்தோருக்கு எப்போதும் இனிக்கிறது.

1687 இல், உயிர்த்த ஞாயிறன்று, யோவான் என்னும் பணியாள் ஒருவர் மட்டுமே உடன்வர, முனிவர் கூலியாள் வேடத்தில் தூத்துக்குடியிலிருந்து தோணி ஏறினார். புயலிற் சிக்கிய தோணி மன்னாரை அடைந்தது. யாழ்ப்பாணம் சேர்ந்தபோது வயிற்றுளைவு நோய் அவரைச் சாக்காட்டின் வாயிலுக்கே கொண்டு சென்றது. உடல் தேறியதும் கழுத்திற் செபமாலையை அணிந்து வீடுவீடாய்ப் பிச்சைக்காரனைப்போற் சென்றார். மாலையைக் கண்டு முகம் மலர்ந்தவர் எவரோ அவரே மறைந்து வாழும் கத்தோலிக்கர் எனத் தெரிந்துகொண்டார். பின்னர்ச் சில்லாலையை நிலைக்களமாகக் கொண்டு, பகலில் மறைந்தும் இரவிற் பூசை செய்தும் வாழ்ந்தார்.

இது சட்டத்தை மீறுதலே. இதனை மறைத்துக் கூறுவதிற் பயனில்லை. ஒல்லாந்தரும் அக்காலத்தில் யாழ்ப்பாணத்தை ஆண்ட அதிகாரமே. சின்னப்பரின் நிருபம் அவர்களையும் உள்ளடக்கியதே. ஆனால் முனிவர் எதை மீறினார், எதை மீறவில்லை என்று பிரித்துக் காணல் வேண்டும். வரி செலுத்தாதீர் என்று அவர் மக்களைத் தூண்டியதாகவோ, ஒல்லாந்தருக்கு எதிராய்ப் படை திரட்டியதாகவோ, கோவாவிலிருந்து கப்பல்களை அழைத்ததாகவோ எந்த வரலாறும் கூறவில்லை. பூசை செய்யாதே என்ற ஒரு கட்டளையை மட்டுமே அவர் ஏற்கவில்லை. தமிழறிந்தார்க்கு இது புதிதன்று. பல்லவ மன்னன் அழைப்புக்கு இணங்காத திருநாவுக்கரசர், நீற்றறையிலும் யானையின் முன்னும் நிறுத்தப்பட்டபோது மன்னனுக்கு எதிராய் ஒரு கோலையும் தூக்கவில்லை எனப் பெரியபுராணம் கூறும். மறுத்தல் வேறு, கலகம் வேறு.

ஆயினும் ஓர் உறுத்தல் எஞ்சுகிறது. நாவுக்கரசர் தண்டனையைத் தாமே ஏற்றார். யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்தது அவ்வாறன்று. 1689 இல், நத்தார் இரவில், பூசைக்குக் கூடியிருந்த மக்களை ஒல்லாந்தப் படைவீரர் சூழ்ந்து பிடித்தனர். முனிவர் அகப்படவில்லை. பிடிபட்டவருள் தொம் பேதுரு என்பவர், ஒல்லாந்தரின் சபையை விட்டுக் கத்தோலிக்கரானவர், கசையடியால் மாண்டார். வேறு சிலர் விலங்கிடப்பட்டுக் கோட்டையிற் கடும் வேலைக்குத் தள்ளப்பட்டு அவ்வாறே வாழ்நாளைக் கழித்தனர். அடைக்கலம் கொடுத்தவர் அடிபட, அடைக்கலம் பெற்றவர் தப்பினார். தாம் முன்சென்று அகப்பட்டிருந்தால் மற்றவர் தப்பியிருப்பரோ என்ற எண்ணம் அம்முனிவரின் உள்ளத்தை எவ்வளவு வாட்டியிருக்கும் என நாம் ஊகிக்கலாமே ஒழிய அளக்க முடியாது. அந்தத் தீவு முழுவதற்கும் குருவானவர் அவர் ஒருவரே. அவர் மடிந்தால் பூசையும் பாவசங்கீர்த்தனமும் மடியும் என்று அவருக்காக வாதிடலாம். அவ்வாதம் நியாயமானதே. ஆனால் அது தொம் பேதுருவின் முதுகின்மீது நின்று பேசும் வாதம் என்பதையும் உடன் சொல்லியாக வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் இனித் தங்குதல் மக்களுக்கே ஆபத்தாகும் நிலையில், அவர் ஒல்லாந்தரின் எல்லையைக் கடந்து, கண்டியரசுக்குட்பட்ட புத்தளத்தை அடைந்தார். 1692 இல் தலைநகருக்குப் புறப்பட்டார்.

கண்டி அரசவையில் அப்போது இலா நெரோல் என்னும் பிரெஞ்சுக்காரர் செல்வாக்குப் பெற்றிருந்தார். 1672 இல் பிரெஞ்சுக் கடற்படை திருகோணமலைக்கு வந்தபோது தூதராய்க் கண்டிக்கு அனுப்பப்பட்டு, மன்னனால் தடுத்து வைக்கப்பட்டவர் அவர். சமயத்தாற் கல்வீனியர். பிரான்சிலே 1685 இல் பதினான்காம் லூயி மன்னன், அச்சமயத்தாருக்கு வழங்கப்பட்டிருந்த வழிபாட்டுச் சுதந்திரத்தை நீக்கி அவர்களை நாட்டைவிட்டு ஓடச் செய்திருந்தான். வரும் குருவானவர் பறங்கியரின் ஒற்றன் என மன்னனிடம் கூறியவர் இவரே. முனிவரின் வரலாற்றை எழுதிய பக்தர்கள் இவரைக் கரிய நிறத்தில் தீட்டுதல் வழக்கம். எமக்கோ, அவர் கூறியதில் அரசவையார் நம்பத்தகாதது எதுவும் இல்லை என்றே தோன்றுகிறது.

கண்டியார் அறிந்த கிறிஸ்தவம் எது? ஞானஸ்நானம் பெற்ற இளவரசியாகிய தோனா கத்தரீனாளை அரியணையேற்றும் பொருட்டு 1594 இல் போர்த்துக்கேயப் படையொன்று கண்டிக்குள் வந்தது. அது தந்துறையில் அழிந்தது. 1630 இல் மற்றொரு படை வந்து இரந்தெனிவெலையில் மாண்டது. 1638 இல் வந்த படை கன்னொறுவையில் ஒழிந்தது. கோட்டை அரசன் தர்மபாலன் ஞானஸ்நானம் பெற்று, பின்னர்த் தன் இராச்சியத்தையே போர்த்துக்கல் மன்னனுக்கு எழுதிக் கொடுத்தான். சிலுவை வந்த வழியே பீரங்கியும் வந்தது என்பதே மலைநாட்டார் கற்ற பாடம். யோசேவாஸ் முனிவரோ பிறப்பால் போர்த்துக்கேய மன்னனின் குடி. சந்தேகித்தவரைக் குறைகூற இடமேது?

உள்நாட்டுக் கலகத்தின் வடுவும் ஆறியிருக்கவில்லை. 1664ஆம் ஆண்டின் முடிவில், இரண்டாம் இராசசிங்க மன்னன் நிலம்பையில் இருந்தபோது, அம்பன்வெல இறாளையின் தலைமையில் எழுந்தவர்கள் அவனை ஓட வைத்து, அவன் இளமகனை அரசனாக்க முயன்றனர். சிறுவன் அவர்கள் கையிற் சிக்காது நீங்கவே கலகம் சிதறியது. பின் மன்னன் பழிவாங்கிய கொடுமையை, அக்காலத்தில் கண்டிநாட்டிற் கைதியாயிருந்த இராபர்ட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர் தம் நூலில் விரித்துள்ளார். பெற்ற மகனையும் நஞ்சூட்டிக் கொன்றான் என்பது அவர் தரும் செய்தி. அந்த இராசசிங்கனின் மற்றொரு மகனே முனிவர் வந்தபோது அரியணையிலிருந்த இரண்டாம் விமலதருமசூரியன். கலகமென்னும் சொல் அவன் குடும்பத்தை எவ்வளவு அழித்ததென்பதை அவனினும் அறிந்தார் இலர்.

ஆகவே முனிவர் காவலில் வைக்கப்பட்டார். முதலிற் கடுங்காவல், பின்னர் எல்லை குறித்த காவல். அவர் முறையிடவுமில்லை, தப்பியோடவுமில்லை. யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தரின் கண்ணிற் படாது ஆண்டுக்கணக்காய் உலவிய அவர் எண்ணியிருந்தால் கண்டிக் காவலையும் கடந்திருக்கலாம். கடக்கவில்லை. ஏனெனில் இங்கே வழிபாடு தடுக்கப்படவில்லை. தடுக்கப்பட்டது அவர் நடமாட்டம் மட்டுமே. மன்னன் தன் நாட்டைக் காக்கும் உரிமையால் அதனைச் செய்தான். அவ்வுரிமைக்கு அவர் அடங்கினார். காவலிலிருந்தபடியே சிங்களம் கற்றார். குடிலொன்றைக் கோயிலாக்கினார். நகரிலிருந்த கத்தோலிக்கர் முதலில் அஞ்சி நின்றனர். பின்பு ஒவ்வொருவராய் வந்தனர். காவலர் கண்டும் காணாதவர்போல் இருந்தனர். மன்னரைச் சேர்ந்தொழுகும் முறையை வள்ளுவர் தனி அதிகாரமாய் வகுத்தார். இவரோ சேராமலே, சிறையிலிருந்தே, மன்னனின் நம்பிக்கையைப் பெற்றார்.

1696ஆம் ஆண்டு மழை பொய்த்தது. மன்னன் தன் சமயத்தார் நடத்திய வேண்டுதல்கள் பலியாமை கண்டு, முனிவரையும் வேண்டுதல் செய்யச் சொன்னான் என்றும், அவர் வெளியில் பீடமமைத்துச் சிலுவை நாட்டி மண்டியிடவே பெருமழை பொழிந்தது என்றும், பீடமும் அவரும் மட்டும் நனையவில்லை என்றும் 1745 இல் லிஸ்பனில் வெளிவந்த செபஸ்தியாம் தோ ரேகுவின் வரலாறு முதலாயின கூறும். நம்புவோர் நம்புக. நாட்டின் வறட்சி நீங்குதற்கு மன்னன் தன் கைதியை அழைத்ததும், கைதி தன்னைச் சிறைவைத்த மன்னனின் நாட்டுக்காக மண்டியிட்டதும் எமக்கு அம்மழையினும் பெரிதாய்த் தோன்றுகின்றன. பாபிலோனுக்குச் சிறைபோன யூதருக்கு, அந்நகரின் நலத்துக்காக மன்றாடுமாறு எரேமியா தீர்க்கதரிசி ஓலை விடுத்த செய்தியை விவிலியம் கற்றோர் அறிவர். முனிவர் கட்டவிழ்த்து விடப்பட்டார். கண்டியரசு முழுவதும் சென்று போதிக்க உத்தரவும் கிடைத்தது.

மறு ஆண்டில் வைசூரி வந்தது. மன்னனும் பிரதானிகளும் நகரை நீங்கினர். நோய் கண்டோரை உறவினரே காட்டில் விட்டு அகன்றனர். முனிவரும், அவர் மருகரும் குருவானவருமாகிய யோசேப்பு கர்வாலியோவும் நகரில் தங்கினர். கைவிடப்பட்ட வீடுகளை மருத்துவ மனைகளாக்கினர். புண்ணைக் கழுவுதலும், கஞ்சி ஊட்டுதலும், குழி வெட்டிப் புதைத்தலும் தாமே செய்தனர். நோயாளர் எச்சமயத்தார் என வினவவில்லை. இக்குருவானவர் இல்லையேல் தெருக்கள் பிணங்களால் நிறைந்திருக்கும் என மன்னன் பின்னர்க் கூறினானாம். மன்னன் இல்லாத நகரில் மன்னனின் கடமையை அவன் பழைய கைதி ஆற்றினான். ஒற்றன் என்ற சொல் அதன்பின் எடுபடவில்லை.

இவ்விடத்தில் மன்னனைப் பற்றியும் சொல்லல் தகும். இரண்டாம் விமலதருமசூரியன் சமயத்தில் தளர்ந்தவனல்லன். தந்ததாதுவுக்கு மூன்று மாடி மாளிகை எடுப்பித்தவன். அருகிப்போன பிக்குகளின் உபசம்பதையைப் புதுப்பிக்க அரக்கான் தேசத்திலிருந்து பிக்குகளை வருவித்தவன். மதுரை நாயக்கர் குலத்திற் பெண் கொண்டவன். தன் நெறியில் உறுதியாக நின்றே பிறன் நெறிக்கு இடமளித்தான். பிரான்சும் இங்கிலாந்தும் ஒல்லாந்தமும் தத்தம் முறையில் மாற்றுச் சமயத்தாரை ஒறுத்த அந்நூற்றாண்டில், ஒல்லாந்தரிடமிருந்து ஓடிய கத்தோலிக்கர் மலைநாட்டின் பௌத்த மன்னனிடமே நிழல் பெற்றனர். அடங்கி நடத்தல் குடிகளுக்கு மட்டும் எளிதாயிருத்தல் போதாது. அதற்குத் தக்க மன்னனும் வேண்டும். முனிவர் அவ்வகையிற் பேறு பெற்றவர்.

ஆயினும் நிழல் எப்போதும் ஒரே அளவாய் இருந்ததில்லை. எதிர்ப்பு எழுந்தபோது கர்வாலியோ கண்டியிலிருந்து வெளியேற்றப்பட்டார். முனிவர் அதற்கும் பொறுமையாய் இருந்து, 1699 இல் அவரை அழைத்துக்கொண்டு மீண்டும் கண்டிக்கு வந்தார். புதிய கோயிலைக் கட்டி முடித்தார். மன்னனுக்காகப் போர்த்துக்கேய நூல்களைச் சிங்களத்திற் பெயர்த்தார். கொழும்பு, நீர்கொழும்பு முதலிய ஒல்லாந்த எல்லைகளுக்குள்ளும் மாறுவேடத்திற் சென்று வந்தார். அதாவது, கண்டியில் வெளிப்படையாய் அடங்கியவர், கரையில் மறைவாய் அடங்காதிருந்தார். இரண்டையும் ஒரே மனச்சாட்சியோடு செய்தார்.

அவருக்கு உதவியாய்க் கோவாவிலிருந்து வந்த குருமாரும் உள்நாட்டவரே, ஐரோப்பியரல்லர். 1705 இல் வந்த யாக்கோமே கொன்சால்வஸ் சுவாமியார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் பல இயற்றிப் புகழ்பெற்றவர். தமிழ்க் கிறிஸ்தவர் இன்றும் தபசுகாலத்தில் வாசிக்கும் வியாகுலப் பிரசங்கம் அவருடையது. மன்னன் 1707 இல் இறந்தான். அவன் மகன் நரேந்திரசிங்கனும் முனிவரை மதித்தான். 1710 இல் நலங்குன்றிய நிலையிலும் ஒரு நீண்ட பயணம் சென்று திரும்பிய முனிவர், அவஸ்தைப்பூசுதல் பெற்று, 1711ஆம் ஆண்டு தை மாதம் 16ஆம் நாள் கண்டியிலேயே காலமானார். அப்போது வயது ஐம்பத்தொன்பது. இலங்கையில் கழித்த ஆண்டுகள் இருபத்து நான்கு. ஒருமுறையும் தாயகம் திரும்பவில்லை.

ஸ்ரீ விசய இராசசிங்கன் ஆட்சியில், அவன் அரியணையேறிய 1739க்குப் பின் சில ஆண்டுகளில், காற்று மாறியது. குருமார் வெளியேற்றப்பட்டனர், கோயில்கள் இடிக்கப்பட்டன. முனிவர் உயிர்நீத்த முப்பது ஆண்டளவில், அவர் அடங்கி நடந்து பெற்ற யாவும் அழிந்தனபோல் தோன்றின. ஆனால் அக்கத்தோலிக்கர் அரசனுக்கு எதிராய் வாளேந்தியதாகச் செய்தியில்லை. மாத்தளைப் பகுதியின் வஹக்கோட்டை போன்ற ஊர்களில், குருவானவர் இன்றியே செபங்களைச் சொல்லிக்கொண்டு வாழ்ந்தனர்.

1995 இல் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் பாப்பரசர் கொழும்புக்கு வந்து அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். 2015ஆம் ஆண்டு தை 14ஆம் நாள், காலிமுகத் திடலில், பிரான்சிஸ் பாப்பரசர் அவரை அர்ச்சியசிஷ்டர் வரிசையிற் சேர்த்தார். அவர் கட்டிய கோயில் கண்டியில் போகம்பறைப் பக்கத்தில் இருந்ததென்பதும், அவர் உடல் அதிலேயே அடக்கஞ் செய்யப்பட்டதென்பதும் வழிவழிச் செய்தி. கோயில் இருந்த சுவடு இல்லை. கல்லறை எதுவென அடையாளமும் இல்லை. அப்போகம்பறையில் பின்னர் ஆங்கிலேயர் ஒரு பெருஞ் சிறைச்சாலையை எழுப்பினர். அது 2014 இல் மூடப்பட்டது.